உஹதுக் களமும் நமது இளைஞர்களும்

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பிக்கின்றேன். எல்லாப் புகழும் அகிலத்தாரைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். ஸலாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் நம்மவர்கள் மதீனா முனவ்வராவில் தங்கும் நாட்களில் ஸியாரத்துக்காக அழைத்துச் செல்லப்படும் இடங்களுள் உஹதும் ஒன்று. மஸ்ஜிதுந் நபவிக்கு வடக்கே, சில கிலோமீற்றர் தூரத்தில், செந்நிறம் கலந்த பாறைகளோடு நீண்டு கிடக்கின்றது உஹது மலை. அதன் தெற்கே ஒரு சிறு குன்று. அன்று வில் வீரர்கள் நிறுத்தப்பட்ட இடமாதலால் அதனை ஜபலுர் ருமாத், அதாவது அம்பெய்வோரின் குன்று என்று அழைக்கின்றார்கள். மலைக்கும் குன்றுக்கும் இடைப்பட்ட வெளியில், சுற்றி அடைக்கப்பட்ட ஒரு மையவாடி. அங்கே ஹம்ஸா (ரலி), முஸ்அப் இப்னு உமைர் (ரலி) உள்ளிட்ட ஷுஹதாக்கள் அடங்கியிருக்கின்றார்கள்.

மதீனாவிலுள்ள தாருல் மதீனா நூதனசாலைக்கும் சிலர் செல்கின்றார்கள். அந்தப் புனித நகரின் வரலாறு அங்கே மாதிரி வடிவங்களாக அமைத்து விளக்கப்படுகின்றது. உஹதுக் களத்தின் மாதிரியும் அவற்றுள் ஒன்று. களத்தில் நேரே நிற்கும்போது விளங்காத ஒரு விடயம் மாதிரி வடிவத்தை மேலிருந்து பார்க்கும்போது விளங்கிவிடுகின்றது. மலை பின்னால் அரணாக நிற்கின்றது. திறந்து கிடக்கும் ஒரே வழியை அந்தச் சிறு குன்று காவல் காக்கின்றது. குன்று கைவிடப்பட்டால் களம் முழுவதும் கைவிடப்பட்டதாகிவிடும். ஒரு குன்று ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்று கேட்கும் பிள்ளைக்கு இதனைக் காட்டி விளங்க வைப்பது இலகு.

அன்பர்களே, இவ்வளவையும் கண்டு திரும்பும் நம்மவர் என்ன கொண்டு வருகின்றார்கள்? பெரும்பாலும் பஸ் வண்டி நிறுத்தப்படும் நேரம் அரை மணித்தியாலத்தைத் தாண்டுவதில்லை. குன்றின் மீது ஏறுகின்றார்கள். கைத்தொலைபேசியில் படம் பிடிக்கின்றார்கள். பேரீச்சம்பழம் வாங்குகின்றார்கள். வில் வீரர்கள் கட்டளையை மீறினார்கள், ஆகவே தோல்வி ஏற்பட்டது என்று வழிகாட்டி கூறுவதைக் கேட்டுவிட்டு வண்டியில் ஏறிவிடுகின்றார்கள். அவர் கூறியது உண்மைதான். ஆனால் அது உஹதின் பாதி வரலாறு மாத்திரமே. மறு பாதியைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். உஹதுக் களத்துக்கு மீண்டும் சென்று பார்த்தவர்களுள் முதன்மையானவர் நபி (ஸல்) அவர்களே. யுத்தம் நடந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், தமது வாழ்வின் இறுதிக் காலத்தில், அவர்கள் அங்கு சென்று ஷுஹதாக்களுக்காகப் பிரார்த்தித்தார்கள் என்று உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புஹாரியில் இடம்பெற்றுள்ளது. பின்னர் மிம்பரில் ஏறி உரை நிகழ்த்தினார்கள். அவ்வுரையில் பழிவாங்கும் பேச்சு இல்லை. வெற்றிப் பெருமிதமும் இல்லை. எனக்குப் பின் நீங்கள் மீண்டும் இணைவைப்பில் வீழ்ந்துவிடுவீர்கள் என்று நான் அஞ்சவில்லை, உலகத்துக்காக ஒருவரோடொருவர் போட்டியிடுவீர்கள் என்றே அஞ்சுகின்றேன் என்ற கருத்தையே உம்மத்துக்கு எடுத்துரைத்தார்கள். போர்க்களம் ஒன்றைத் தரிசித்து வருபவரின் உள்ளத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறு இல்லை. இறந்தோருக்கு துஆ, உயிரோடிருப்போருக்கு எச்சரிக்கை.

இனி, அந்த நாளின் ஆரம்பத்துக்கு வருவோம்.

ஹிஜ்ரி 3 ஆம் ஆண்டு ஷவ்வால் மாதம், கி.பி. 625 ஆம் ஆண்டு. முந்திய ஆண்டு பத்ரில் கண்ட தோல்விக்குப் பழிதீர்க்க மக்காவின் குறைஷியர் ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட படையோடு மதீனாவை நோக்கி வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தோழர்களை ஒன்றுகூட்டி மஷூரா செய்தார்கள். நகருக்குள்ளேயே இருந்து தற்காத்துக்கொள்வது என்பதே அன்னாரின் சொந்த அபிப்பிராயமாக இருந்தது. ஆனால் பத்ரில் கலந்துகொள்ளும் வாய்ப்பை இழந்திருந்த பலரும், குறிப்பாக இளைஞர்களும், வெளியே சென்று எதிர்கொள்வோம் என்று ஆர்வத்தோடு வேண்டிக்கொண்டார்கள். வஹீ அருளப்பெறும் தூதர், தமது கருத்துக்கு மாற்றமான அந்தக் கருத்தை ஏற்று, வீட்டினுள் சென்று போர்க்கவசம் அணிந்து வந்தார்கள். இதற்கிடையில் இளைஞர்களுக்கு வருத்தம் ஏற்பட்டது. அல்லாஹ்வின் தூதரை நிர்ப்பந்தித்துவிட்டோமே, தாங்கள் விரும்பியவாறே செய்யுங்கள் என்றார்கள். ஒரு நபி கவசம் அணிந்த பின்னர் அல்லாஹ் தீர்ப்பளிக்கும் வரை அதைக் கழற்றுவது தகாது என்ற பதிலே வந்தது. மஷூரா முடிந்துவிட்டது, தீர்மானம் எடுக்கப்பட்டுவிட்டது, இனித் தடுமாற்றம் இல்லை.

புறப்பட்ட படை ஏறத்தாழ 1,000 பேர். வழியில் முனாபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை 300 பேரோடு திரும்பிப் போய்விட்டான். அவன் கூறிய காரணத்தை ஸீரா நூல்கள் பதிவு செய்துள்ளன. என் பேச்சைக் கேட்காமல் சின்னஞ்சிறியவர்களின் பேச்சைக் கேட்டுவிட்டார் என்பதே அவனது முறைப்பாடு. சகோதரர்களே, இதனைச் சற்று நிதானித்துச் சிந்தியுங்கள். இளைஞரின் பேச்சுக்கு மதிப்பளித்தவர் அல்லாஹ்வின் தூதர். அதனைக் குறையாகக் கண்டவன் நயவஞ்சகரின் தலைவன். நமது சபைகளில் இளைஞன் ஒருவன் எழுந்து பேச முற்படும்போது, உனக்கு என்ன தெரியும், உட்கார் என்று கூறுவோர், தாம் யாருடைய சொல்லைத் திருப்பிச் சொல்கின்றோம் என்பதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளார்கள்.

அதே நாளில் மற்றொரு காட்சியும் உண்டு. படையைப் பார்வையிட்ட நபி (ஸல்) அவர்கள் வயதில் குறைந்த சிறுவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அப்போது வயது 14. அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் கந்தக் யுத்தத்தின்போது 15 வயதில்தான் அனுமதி கிடைத்தது என்று அவர்களே கூறியிருக்கின்றார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி), உஸாமா இப்னு ஸைத் (ரலி) ஆகியோரும் உஹதன்று திருப்பி அனுப்பப்பட்டோரின் பட்டியலில் உள்ளார்கள். ராபிஃ இப்னு கதீஜ் (ரலி) நன்கு அம்பெய்யக் கூடியவர் என்று எடுத்துச் சொல்லப்பட்டதால் அவருக்கு மாத்திரம் அனுமதி வழங்கப்பட்டது. அப்போது ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி), ராபிஃவை நான் மல்யுத்தத்தில் வீழ்த்துவேனே என்றார். அந்தச் சிறுவரின் முறையீடும் கேட்கப்பட்டது. இருவரும் மோதினார்கள், ஸமுரா வென்றார், அவருக்கும் அனுமதி கிடைத்தது.

கண்ணீரோடு வீடு திரும்பிய அந்தச் சிறுவர்கள் பிற்காலத்தில் யாராக ஆனார்கள்? இப்னு உமர் (ரலி) உம்மத்தின் மாபெரும் அறிஞர்களுள் ஒருவரானார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) வஹீயை எழுதியவரானார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அல்குர்ஆனை ஒன்றுதிரட்டும் பெரும் பணி அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. உஸாமா (ரலி), ஹிஜ்ரி 11 இல், இருபது வயதளவிலேயே, மூத்த ஸஹாபாக்கள் இடம்பெற்ற படையின் தளபதியாக நியமிக்கப்பட்டார்கள். அவரது நியமனத்தைச் சிலர் விமர்சித்தபோது நபி (ஸல்) அவர்களே எழுந்து அவருக்காகப் பேசினார்கள். இளைஞரை முன்னே நிறுத்துவதும் நபிவழி. உரிய காலம் வரும் வரை பாதுகாத்து வைப்பதும் நபிவழி. சிறுவர்கள் ஆயுதம் ஏந்தவைக்கப்பட்ட கொடுமையை நம் நாடும் கண்டிருக்கின்றது. உஹதில் சிறுவர்கள் வரிசையிலிருந்து எடுக்கப்பட்டு உம்மாமாரிடம் அனுப்பப்பட்டார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இனிக் குன்றுக்கு வருவோம். அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் 50 வில் வீரர்கள் அங்கே நிறுத்தப்பட்டார்கள். நாங்கள் வென்றாலும் தோற்றாலும் நான் ஆள் அனுப்பும் வரை இடத்தை விட்டு அசையாதீர்கள் என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. ஆரம்பத்தில் எதிரிகள் புறமுதுகு காட்டினார்கள். களத்தில் கனீமத் பொருட்கள் சிதறிக் கிடந்தன. குன்றிலிருந்தோரில் பெரும்பாலானோர், யுத்தம் முடிந்துவிட்டது என எண்ணிக் கீழே இறங்கினார்கள். தலைவர் தடுத்தும் அவர்கள் கேட்கவில்லை. தலைவரும் ஒரு சிலரும் மாத்திரம் நின்றார்கள். நின்ற இடத்திலேயே ஷஹீதானார்கள். அந்த வழியால் காலித் இப்னு வலீதின் குதிரைப்படை சுற்றி வந்து பின்புறமாகத் தாக்கியது.

விளைவு என்னவென்று நாம் அறிவோம். ஏறத்தாழ 70 பேர் ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்களின் பல் உடைந்தது. முகத்தில் காயம் ஏற்பட்டது. அலீ (ரலி) கேடயத்தில் தண்ணீர் கொண்டுவர, பாத்திமா (ரலி) தந்தையின் காயத்தைக் கழுவினார்கள். இரத்தம் நிற்கவில்லை. ஒரு பாய்த் துண்டை எரித்து, அதன் சாம்பலை வைத்த பின்னரே நின்றது. மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்த முஸ்அப் (ரலி) அவர்களைக் கபனிட ஒரே ஒரு துணிதான் இருந்தது. தலையை மூடினால் கால்கள் தெரிந்தன. கால்களை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியால் மூடி, கால்களின் மீது இத்கிர் என்னும் புல் இடப்பட்டது. ஷுஹதாக்கள் இருவர் இருவராக ஒரே கப்ரில் வைக்கப்பட்டபோது, யாருக்கு அல்குர்ஆன் அதிகம் தெரியும் என்று விசாரித்து, அவரை முதலில் வைக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள்.

அன்பர்களே, அந்த மாலைப் பொழுதில் மதீனாவின் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தெருவிலும் ஒரு விதவை. ஒவ்வொரு தெருவிலும் அநாதைகள். இப்போது சொல்லக்கூடிய வார்த்தைகள் இரண்டு இருந்தன. வெளியே செல்வோம் என்று வற்புறுத்திய இளைஞர்களைப் பார்த்து, நான் அன்றே சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம். குன்றிலிருந்து இறங்கியோரைப் பார்த்து, ஹம்ஸாவின் மரணத்துக்கு நீங்களே காரணம் என்று சொல்லியிருக்கலாம். நமது வீடுகளில் இதைவிடச் சிறிய நட்டங்களுக்கெல்லாம் இவ்வார்த்தைகளைத்தானே நாம் முதலில் எடுக்கின்றோம்!

அப்போது இறங்கிய வஹீ என்ன சொன்னது? ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 121 ஆவது வசனம் முதல் ஏராளமான வசனங்கள் உஹதைப் பற்றியே பேசுகின்றன. அல்லாஹ் தவறை மூடி மறைக்கவில்லை. நீங்கள் தளர்ந்தீர்கள், உங்களுக்குள் பிணங்கினீர்கள், மாறு செய்தீர்கள், உங்களில் உலகை நாடியோரும் உண்டு என்ற கருத்தில் 152 ஆவது வசனம் வெளிப்படையாகவே கண்டிக்கின்றது. எனினும் எவரது பெயரையும் அது குறிப்பிடவில்லை. அதே வசனத்திலேயே, அவன் உங்களை மன்னித்துவிட்டான் என்ற நற்செய்தியும் வருகின்றது. அதன் பின்னர் 159 ஆவது வசனம் நபி (ஸல்) அவர்களை நோக்கிப் பேசுகின்றது. அல்லாஹ்வின் அருளினாலேயே நீர் அவர்களிடம் மென்மையாக நடந்துகொள்கின்றீர், கடின உள்ளம் கொண்டவராக இருந்திருப்பீராயின் அவர்கள் உம்மை விட்டுச் சிதறிப் போயிருப்பார்கள் என்று கூறிவிட்டு, மூன்று கட்டளைகளை இடுகின்றது. அவர்களை மன்னித்துவிடும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடும், காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசனை செய்யும்.

மூன்றாவது கட்டளைதான் உஹதின் மறு பாதி. மஷூராவில் இளைஞரின் கருத்து ஏற்கப்பட்டது. அதன் பின்னர் எழுபது ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. சாதாரண மனிதர்களாகிய நாமாக இருந்தால், இனி இவர்களிடம் எதையும் கேட்பதில்லை என்று சத்தியம் செய்திருப்போம். அல்லாஹ்வோ, இனியும் கேளும் என்று கட்டளையிட்டான். இரண்டு ஆண்டுகளில் கந்தக் யுத்தம் வந்தது. நபி (ஸல்) அவர்கள் மீண்டும் மஷூரா செய்தார்கள். பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) கூறிய அகழி யோசனையை ஏற்றார்கள். மதீனா பாதுகாக்கப்பட்டது. உஹதின் வேதனையோடு மஷூராவின் வாசலும் மூடப்பட்டிருந்தால், அந்த யோசனையைச் சொல்ல யார் முன்வந்திருப்பார்கள்?

மன்னிப்பின் வாசல் அத்தோடு நின்றுவிடவில்லை. நூதனசாலையின் மாதிரி வடிவத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு, குன்றைச் சுற்றி வந்த குதிரைப்படையின் வழியைக் காட்டும்போது மேலும் ஒன்றையும் சொல்லுங்கள். அந்தப் படையை நடத்தி வந்த காலித், ஐந்து ஆண்டுகள் நிறையுமுன் இஸ்லாத்தைத் தழுவி, அல்லாஹ்வின் வாள் என்று பெயர் பெற்றார். எதிரிப் படையின் தலைவராக நின்ற அபூஸுப்யானும், ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியால் எறிந்து கொன்ற வஹ்ஷியும் பின்னர் கலிமாச் சொன்னார்கள். உஹதில் எதிரே நின்ற எவரையும் நிரந்தர எதிரியாக நபி (ஸல்) அவர்கள் எழுதி வைக்கவில்லை.

இதை ஏன் அழுத்திக் கூறுகின்றேன் என்றால், போர்க்களத்தின் வரலாற்றை முன்னும் பின்னும் இன்றி வெட்டியெடுத்து, இளைஞரின் கையில் கொடுப்போர் இருக்கின்றார்கள். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, இந்நாட்டின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அப்பாவி மக்கள் கொல்லப்பட்டார்கள். அக்கொடுமையைச் செய்தோர் தம்மை முஸ்லிம்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். உஹதோ நகரை நோக்கி வந்த படையை எதிர்கொண்ட களம். அதன் தலைவர் சிறுவரைத் திருப்பி அனுப்பியவர்; போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடுத்தவர்; எதிரியின் சடலத்தைச் சிதைப்பதையும் தடுத்தவர். இந்த முழு வரலாற்றையும் வீட்டில் கேட்டறிந்த பிள்ளையை, பாதிக் கதையோடு வருபவர் ஏமாற்றுவது எளிதல்ல. தனது கேள்வியை வாப்பாவிடம் அச்சமின்றிக் கேட்கக்கூடிய பிள்ளை, அதற்கான பதிலை இருட்டில் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, உங்கள் மகன் உயர்தரத்தில் தானே விரும்பிய பாடத்துறையைத் தெரிவு செய்து, பெறுபேறு குறைந்து வரும் நாள் ஒன்று இருக்கலாம். உங்கள் மகள் தெரிவு செய்த ஒரு காரியம் சறுக்கிவிடலாம். அந்த நாள்தான் உங்கள் வீட்டின் உஹது. தவறைத் தவறென்று சொல்லுங்கள், அல்லாஹ்வும் சொன்னான். ஆனால் உறவினர் மத்தியில் பெயர் சொல்லி அவமானப்படுத்தாதீர்கள். மன்னியுங்கள். அவர்களுக்காகக் கையேந்துங்கள். அடுத்த காரியம் வரும்போது, மகனே, உன் அபிப்பிராயம் என்ன என்று மீண்டும் கேளுங்கள். பள்ளிவாசல் நிர்வாக சபைகளில் உள்ள பெரியோர்களிடமும் இதனையே பணிவோடு வேண்டிக்கொள்கின்றேன்.

அன்பு வாலிபர்களே, உங்களுக்கும் அக்குன்றில் ஒரு பாடம் உண்டு. மஷூராவில் உங்கள் கருத்தைத் துணிந்து சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. தீர்மானம் எடுக்கப்பட்ட பின்னர் ஒப்படைக்கப்பட்ட இடத்தில் நில்லுங்கள். அது உங்கள் கடமை. கீழே பொருள் மின்னும்போது, தோழர்கள் எல்லோரும் இறங்கும்போது, அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களைப் போல் ஒரு சிலரோடேனும் நிற்பதுதான் வீரம். தொழுகையும், படிப்பும், பெற்றோரின் நம்பிக்கையும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட குன்றுகளாகும்.

அல்லாஹ் நாடி நீங்கள் குடும்பத்தோடு மதீனா செல்லும் வாய்ப்பைப் பெற்றால், புறப்படுமுன் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் அவ்வசனங்களைத் தமிழ் விளக்கத்தோடு பிள்ளைகளுடன் அமர்ந்து வாசியுங்கள். நூதனசாலைக்குச் சென்று களத்தின் அமைப்பை விளங்கிக்கொள்ளுங்கள். உஹதில் ஷுஹதாக்களுக்கு ஸலாம் சொல்லி, அவர்களுக்காக துஆச் செய்யுங்கள். மண்ணையும் கல்லையும் அள்ளி வர வேண்டாம். அங்கே பிள்ளையிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள். நீ அக்குன்றில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? அது சொல்லும் பதிலை இடைமறிக்காமல் இறுதி வரை கேளுங்கள்.

யா அல்லாஹ்! உஹதின் ஷுஹதாக்களின் அந்தஸ்தை உயர்த்துவாயாக. எங்கள் தவறுகளை மன்னித்து, ஒருவரையொருவர் மன்னிக்கும் விசாலமான உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக. எங்கள் பிள்ளைகளை வழிதவறச் செய்வோரிடமிருந்து பாதுகாப்பாயாக. இந்நாட்டில் வாழும் அனைத்து மக்களுக்கும் அமைதியை அருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.